செய்தியோடையும் வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியும்

புதுச்சேரி நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பத்தை அடுத்த கடற்கரையில் வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. ஆடி மாதத்துச் செங்கழுநீர் அம்மன் தேரினால் அவ்வூரை அறிந்தவர்கள் பலர். 1998-ஆம் ஆண்டை ஒட்டி அங்கே தொடங்கிய இன்னொரு காரியத்தை அறிந்தவர்கள் அவ்வளவு பேர் இல்லை. அவ்வூரில் அமைந்த அறிவு மையத்தின் தொண்டர்கள், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து வங்கக் கடலின் அலை உயர முன்னறிவிப்பை எடுத்தனர். அதைத் தமிழில் எழுதிப் பலகையில் வைத்தனர், ஒலிபெருக்கியிலும் சொன்னார்கள். கடலுக்குப் புறப்படுகிறவர் கரையில் நின்றபடியே அன்றைய அலையின் உயரத்தைக் கேட்டுக்கொண்டார்.

இப்பணியைத் தொடங்கியது எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். கனடா நாட்டின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையம் பொருளுதவி செய்தது. வில்லியனூர் நடு நிலையம். அதைச் சுற்றி ஏம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் கிளை மையங்கள். தொலைபேசிக் கம்பி சரியாக எட்டாத இடங்களுக்கு வானொலி அலை வழியே செய்தி சென்றது. மின்சாரம் நம்பத்தகாத இடங்களில் சூரிய ஒளித் தகடுகள் துணை நின்றன.

இந்த ஒலிபெருக்கியை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக, தொழில் செய்வோருக்கும் மாணவர்களுக்கும் ஓர் அறிவுரை திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வருகிறது. "ஒரு வலைப்பதிவு தொடங்குங்கள், வாடிக்கையாளர் தேடி வருவார்கள். ஒரு ஃபீட் ரீடர் வைத்துக்கொள்ளுங்கள், உலகச் செய்தியெல்லாம் உங்கள் மேசைக்கு வரும்" என்பதே அது. இந்த அறிவுரையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை என்பதை வீராம்பட்டினத்தையும் வில்லியனூரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

ஓடை ஓடுவதில்லை

முதலில் இந்த ஏற்பாடு எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பார்ப்போம். வலைப்பதிவு என்பது தேதியிட்ட குறிப்புகளின் தொகுப்பு. புதியது மேலே, பழையது கீழே. நாம் ஒரு குறிப்பை எழுதி வெளியிட்டவுடன், வலைப்பதிவு மென்பொருள் இரண்டாவது பிரதி ஒன்றையும் எழுதி வைக்கிறது. அதில் வண்ணமோ படமோ அலங்காரமோ இராது. தலைப்பு, முகவரி, தேதி, சிறு சுருக்கம் ஆகியவை மட்டும் எக்ஸ்.எம்.எல். என்னும் எளிய குறியீட்டில் வரிசையாக இருக்கும். மனிதர் படிப்பதற்கன்று; இயந்திரம் படிப்பதற்கு. இதைத்தான் ஆங்கிலத்தில் 'ஃபீட்' என்றும் தமிழில் 'செய்தியோடை' என்றும் சொல்கிறோம்.

இதற்கான விதிமுறையை, ஆர்.எஸ்.எஸ். என்ற பெயரில் 1999-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவாக்கியவர்களுள் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ராமநாதன் குஹா. உடன் உழைத்தவர் டான் லிப்பி. (பெயரைக் கண்டு யாரும் அரசியலை நினைக்க வேண்டாம், மூன்று ஆங்கில எழுத்துகள் தற்செயலாக ஒத்துப்போயின.) பின்னர் டேவ் வைனர் அதைத் திருத்தி எளிமையாக்கினார். 2005-ல் 'ஆட்டம்' என்னும் மற்றொரு விதிமுறையும் இணையத் தரங்களுள் ஒன்றாக வெளிவந்தது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு நம்மைப் போன்ற வாசகர்களுக்கு முக்கியமன்று.

'ஓடை' என்ற சொல்லைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. ஓடை என்றால் நீர் தானே ஓடி வர வேண்டும். இங்கே எதுவும் தானே வருவதில்லை. ஆங்கிலச் சொல்லும் பொருத்தமானதன்று. யாரும் நமக்கு ஊட்டுவதும் இல்லை. உண்மையில் இது தெருக் குழாயடி. ஃபீட் ரீடர் என்பது நம் வீட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு மணிக்கு ஒருமுறையோ இரண்டு மணிக்கு ஒருமுறையோ குழாயடிக்குப் போய் வரும் பையன். அவன் அங்கே போய், "நான் கடைசியாக வந்து போன பிறகு ஏதேனும் புதிதாக வந்திருக்கிறதா?" என்று கேட்கிறான். ஒன்றும் இல்லையென்றால் அங்குள்ள கணிப்பொறி 304 என்ற எண்ணை மட்டும் பதிலாகத் தருகிறது. "மாற்றமில்லை, போய் வா" என்பது அதன் பொருள். புதிதாக ஏதேனும் இருந்தால் பட்டியல் முழுவதையும் கொடுக்கிறது. பையன் அதில் நாம் காணாதவற்றைப் பிரித்தெடுத்துத் தேதி வாரியாக அடுக்கி வைக்கிறான்.

இந்தப் பையனிடம் நான்கு நற்குணங்கள் இருக்கின்றன. எதையும் மறைப்பதில்லை, தானாக எதையும் சேர்ப்பதில்லை, வரிசையை மாற்றுவதில்லை, தன்னை அனுப்பியவர் யார் என்பதை எழுதியவரிடம் சொல்வதுமில்லை. இந்த நான்காவது குணம்தான் பிற்பாடு அவனுக்கு வேலையில்லாமற் செய்தது. அதற்குப் பிறகு வருவோம்.

குறை என்னவென்றால், அவன் தேர்ந்தெடுப்பதும் இல்லை. ஒருவர் 50 ஓடைகளுக்குச் சந்தா செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் நாளொன்றுக்கு 4 குறிப்புகள் வந்தால் 200 குறிப்புகள். ஒன்றுக்கு ஒரு நிமிடம் செலவிட்டாலும் மூன்று மணி நேரத்திற்கு மேல் ஆகிறது. ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால் 1,400 குறிப்புகள் படிக்கப்படாமல் காத்திருக்கும். படிக்காதவற்றின் எண்ணிக்கையைத் தடித்த எழுத்தில் காட்டுவது இந்த மென்பொருள்களின் வழக்கம். காலையில் அந்த எண்ணைப் பார்த்ததும், செய்தி அறிந்த மகிழ்ச்சி வராது. கடன்காரனைக் கண்ட கலக்கம்தான் வரும்.

வில்லியனூர் செய்த வேலை

வில்லியனூர் மையத்தினர் இந்த இடத்தில்தான் வேறுவிதமாக நடந்துகொண்டார்கள். கணிப்பொறிகளை வைப்பதற்கு முன்பாகவே, இந்த மக்களுக்கு இதுவரை செய்தி எங்கிருந்து கிடைக்கிறது என்று ஊர்களில் விசாரித்தனர். ஊர்க் கடைக்காரர், சந்தை, உரமும் விதையும் விற்பவர் என்ற பதிலே பெரிதும் கிடைத்தது. அப்படியானால், புதிய இயந்திரம் அந்தக் கடைக்காரர் சொல்வதைவிடப் பயனுள்ளதாகச் சொன்னால்தான் எவரும் அதை மதிப்பார்கள்.

ஆகவே அம்மையங்களில் சேர்ந்த செய்தியில் பெரும் பகுதி இணையத்தில் இல்லாத செய்தி. நெல் விலை, விதை விலை, பேருந்து நேரம், மருத்துவமனை விவரம், அரசின் உதவித் திட்டங்கள், அவற்றைப் பெறுவதற்கான வழிமுறை ஆகியவற்றை ஆட்கள் நேரில் போய்த் திரட்டினார்கள். இணையத்திலிருந்து வந்தது எதுவாயினும் தமிழில் மாற்றப்பட்டது. 'நம்ம ஊரு செய்தி' என்ற பெயரில் மாதம் இருமுறை ஓர் அச்சிட்ட இதழும் வெளிவந்தது. கணிப்பொறியின் பக்கம் வராதவர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

அலை உயரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கடற்படையின் தளத்தில் இருந்தது ஒரு பெருங்கடலின் வரைபடம். கரைக்கு வந்து சேர்ந்தது ஒரே ஓர் எண். நடுவே இருந்த ஒருவர், கேட்பவர் யார், அவரிடம் உள்ளது எத்தகைய படகு, அவருக்கு எது வேண்டும் என்று அறிந்திருந்தார். ஃபீட் ரீடர் என்னும் பையனுக்கு அது தெரியாது. ஆயிரம் ஓடைகள் கையில் இருந்தாலும் இந்த வேலையை நாமே செய்ய வேண்டும். அல்லது நம்பத்தக்க ஒருவர் நமக்காகச் செய்ய வேண்டும். "செய்தி மேசைக்கு வரும்" என்ற அறிவுரை சொல்லாமல் விட்ட பகுதி இதுவே.

வீராம்பட்டினத்து முறையிலும் குறைகள் இல்லாமலில்லை. மானியத்தைக் கொண்டு நடந்த காரியம் அது. தொண்டர் வராத நாளில் எண்ணும் வராது. அலைச் செய்தி ஓர் அயல்நாட்டுக் கடற்படையின் தளத்தை நம்பியிருந்தது. ஒலிபெருக்கியில் சந்தா என்பதே கிடையாது. வேண்டாதவர் காதிலும் விழும். எதைச் சொல்வது என்பது ஒலிவாங்கியைப் பிடித்திருப்பவர் கையில் உள்ளது. பின்னாளில் ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் நிறுவனம் நம் கடல்களுக்கே முன்னறிவிப்பு வெளியிடலாயிற்று. 2007-ல் சுவாமிநாதன் நிறுவனம் மீனவரின் கைப்பேசிக்கே செய்தி அனுப்பும் 'ஃபிஷர் ஃபிரண்ட்' திட்டத்தைத் தொடங்கியது. ஒலிபெருக்கியின் வேலையில் ஒரு பகுதி சட்டைப் பைக்குள் போயிற்று.

தமிழில் ஒரு குளம்

தமிழ் வாசகர்களுக்கு இந்த ஓடை விஷயம் புதிதன்று. 2003-ஆம் ஆண்டை ஒட்டித் தமிழில் வலைப்பதிவுகள் தோன்றின. அதற்கு முன் தமிழ் எழுத்துக்குக் கணிப்பொறியில் பல குறியீட்டு முறைகள் இருந்தன. ஒரு தளத்தின் தமிழ் மற்றொரு தளத்தில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடு முறை பரவிய பிறகுதான் நூறு பேர் எழுதியதை ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்ட முடிந்தது. 2004-ல் காசி ஆறுமுகம் 'தமிழ்மணம்' என்ற பொதுத் திரட்டியைத் தொடங்கினார். ஓடைகள் பலவும் வந்து விழும் ஒரு குளம் என்று அதனைச் சொல்லலாம். சிங்கப்பூரில் எழுதியவரும் கனடாவில் எழுதிய ஈழத்தமிழரும் காரைக்காலில் எழுதியவரும் ஒருவருக்குக் கீழ் ஒருவராக அந்தப் பக்கத்தில் நின்றார்கள். புதுச்சேரியிலும் 2007 டிசம்பரில் வலைப்பதிவர்கள் கூடிப் பயிலரங்கம் நடத்தினார்கள். தட்டச்சு முதல் ஓடை வரை தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுத்த காலம் அது.

அந்தக் குளத்திலும் ஒரு கோளாறு நேர்ந்தது. அதிகம் பேர் திறந்து பார்த்தவற்றைத் தனியே காட்ட 'சூடான இடுகைகள்' என்றொரு பகுதி இருந்தது. நல்ல நோக்கம்தான். அப்பட்டியலில் இடம் பிடிப்பதற்காகச் சண்டைத் தலைப்புகளும் கவர்ச்சித் தலைப்புகளும் பெருகின என்று பதிவர்களே குறைப்பட்டுக்கொண்டார்கள். தேதி வரிசையில் அடுக்கியபோது தலைப்பு எப்படி இருந்தாலும் முறை வரும். எண்ணிக்கை வரிசை வந்தவுடன் எழுதுகிற கை மாறத் தொடங்கியது. பிற்காலத்தில் உலகம் முழுவதிலும் பெரிய அளவில் நடந்ததை நம்மவர்கள் ஒரு சிறு பக்கத்திலேயே பார்த்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

2005 அக்டோபரில் கூகுள் நிறுவனம் இலவச ஃபீட் ரீடர் ஒன்றை வெளியிட்டது. நன்றாக இருந்தது, ஆகவே பெரும்பாலோர் அதற்கே மாறினர், போட்டியாளர்கள் மெலிந்தனர். 2013 ஜூலை 1-ஆம் நாள் அந்நிறுவனம் அதனை மூடிவிட்டது. பயன்படுத்துவோர் குறைந்துவிட்டனர் என்பது சொல்லப்பட்ட காரணம். நாம் மேலே கண்ட நான்காவது குணத்தை இங்கே நினைவுகொள்ள வேண்டும். அனுப்பியவர் யார் என்று சொல்லாத பையனால் விளம்பரம் செய்வோருக்கு அதிகப் பயனில்லை. எதிர்த்தரப்பில் ஃபேஸ்புக் நிறுவனம் 2006-லேயே 'நியூஸ் ஃபீட்' என்று பெயர் சூட்டி ஒன்றைத் தொடங்கியிருந்தது. பெயரில் ஃபீட் இருந்ததே தவிர, குணங்கள் நான்கும் அதில் தலைகீழ். எதைக் காட்டுவது, எதை மறைப்பது, எதை முன்னே வைப்பது என்பதெல்லாம் நிறுவனத்தின் கணக்கீட்டைப் பொறுத்தவை. பார்ப்பவர் யார் என்பதோ அதற்கு நன்றாகத் தெரியும்.

கடைக்காரருக்கு என்ன பயன்?

இனித் தொழிலுக்கு வருவோம். புதுச்சேரியில் கைக்காகிதத் தொழில் பெயர் பெற்றது. பருத்தித் துணிக் கழிவை ஊறவைத்து, அரைத்துக் கூழாக்கி, சல்லடையில் அள்ளிக் காயவைத்துச் செய்யும் காகிதம். இதை விற்கும் ஒருவர் நேரு வீதியில் கடை வைத்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அவரிடம் "வலைப்பதிவு தொடங்குங்கள்" என்று சொன்னால் என்ன எழுதுவார்? பெரும்பாலும் "பண்டிகைத் தள்ளுபடி, விரைந்து வாருங்கள்" என்று எழுதுவார். அத்தகைய பதிவுக்கு எவரும் சந்தா செய்யமாட்டார்கள். செய்தாலும் இரண்டாம் வாரம் நீக்கிவிடுவார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் காகிதம் ஏன் வளைகிறது, மைப்பேனா எழுத்து ஊறாமல் இருக்கக் கூழில் என்ன சேர்க்கிறார்கள், துணியின் நிறம் காகிதத்தில் எவ்வளவு தங்கும் என்பவற்றை அவர் எழுதினால் கதை வேறு. இவை அவருக்கு மட்டுமே கைப்பழக்கத்தில் தெரிந்தவை. எங்கோ ஓர் ஊரில் புத்தகம் கட்டுகிறவர், மூன்று ஆண்டுகள் கழித்துத் தேடும்போதும் அந்தக் குறிப்பைக் கண்டெடுப்பார். பொருள் வாங்குவார் என்று உறுதி கூற முடியாது. ஆனால் வாங்க நினைத்தால் யாரிடம் கேட்பது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

இதே ஊரில், இன்று அவர் பெயரையே தாங்கிய தெருவில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நினைவு இங்கே வருகிறது. துய்ப்ளேக்சின் துபாஷியாகவும் வணிகராகவும் இருந்த அவர், 1736 முதல் 1761-ல் தாம் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விற்றது, கோட்டைக்குள் பேசியது எல்லாம் அதில் இருக்கின்றன. விளம்பரத்துக்காக எழுதவில்லை, ஒரு வாடிக்கையாளரும் அதைப் படித்து வரவில்லை. ஆயினும் அந்த இடத்தில், அந்தத் தொழிலில் இருந்தவர் மட்டுமே எழுதக்கூடியதை அவர் நாள்தோறும் எழுதினார். அதனால்தான் இன்றும் வரலாற்று மாணவர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள்.

நம் காகிதக் கடைக்காரர் வலைப்பதிவை விட்டுவிட்டு ஒரு சமூக ஊடகப் பக்கத்தை மட்டும் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தைப் பின்தொடர்வோர் ஐயாயிரம் பேர் என்று எண் காட்டும். அவர் எழுதியது அவர்களுள் எத்தனை பேருக்குக் காட்டப்படும் என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. கூடுதல் பேருக்குக் காட்ட வேண்டுமானால் பணம் கட்டலாம். தம்முடைய வாடிக்கையாளரிடம் பேசுவதற்கே கட்டணம்! ஓடையில் ஆயிரம் பேர் சந்தா செய்திருந்தால், எழுதியது ஆயிரம் பேரின் பட்டியலிலும் வந்து நிற்கும்; படிப்பதும் படிக்காததும் அவர்கள் விருப்பம். ஆனால் நம் தெருவில் ஃபீட் ரீடர் வைத்திருப்பவர் எத்தனை பேர்? மிகச் சிலரே. ஆகவே ஓடையை மட்டும் நம்பிக் கடை நடத்துங்கள் என்று சொன்னால் அது பொய்யான அறிவுரை. எழுத்தின் மூலப் பிரதி தம் வலைப்பதிவில் இருக்கட்டும், பக்கத்தில் அதன் சுட்டி போகட்டும் என்று சொல்வதே அவருக்குத் தீங்கில்லாதது. பக்கம் மூடப்பட்டாலும் எழுதியது போகாது.

மாணவர்களுக்கு இதில் வேறொரு பயன் இருக்கிறது. ஓடையில் வரும் ஒவ்வொரு குறிப்புக்கும் தேதியும் முகவரியும் கட்டாயம் போல உடன் வருகின்றன. வாட்ஸ்அப்பில் கை மாறி வரும் செய்திக்கு இரண்டும் இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், "நாளை பெரும்புயல்", "பள்ளிகளுக்கு விடுமுறை" என்ற வரிகள் ஊரெங்கும் சுற்றும். சென்ற ஆண்டுச் செய்தியா, வேறு மாவட்டத்துச் செய்தியா என்று கண்டுபிடிக்க வழியில்லை. 'நாளை' என்ற சொல் எந்த நாளில் எழுதப்பட்டது என்று தெரியாவிட்டால் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லையல்லவா? 1999-ல் இரண்டு பொறியாளர்கள் வகுத்த எளிய பட்டியல் முறை, இந்த ஒரு விஷயத்தில் பின்வந்தவற்றை எல்லாம் விட நேர்மையானது. ஃபீட் ரீடர்களும் செத்துவிடவில்லை. ஃபீட்லி, இனோரீடர் போன்றவை கிடைக்கின்றன. தண்டர்பேர்ட் என்ற இலவச மின்னஞ்சல் மென்பொருளிலும் இந்த வசதி உண்டு. பாட்காஸ்ட் என்னும் ஒலித்தொடர்கள் இன்றும் பெரும்பாலும் இந்த ஓடையின் வழியாகவே பரவுகின்றன.

இருந்தும் ஓடையால் செய்ய முடியாதது ஒன்று உண்டு. நாம் சந்தா செய்யாதது அதில் வராது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஓர் இளைஞர் தொலைக்காட்சியில் கடல் கொந்தளிப்பின் செய்தியைக் கண்டு, புதுச்சேரிப் பகுதியில் உள்ள நல்லவாடு என்ற தம் மீனவர் ஊருக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை சொன்னார். அவ்வூரிலும் ஓர் அறிவு மையம் இருந்தது. அது பூட்டியிருக்கவே ஊரார் கதவை உடைத்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் அறிவித்து எல்லோரையும் வெளியேற்றினார்கள். வீடுகளும் படகுகளும் சிதைந்தன. ஏறத்தாழ 3,600 பேர் உயிர் தப்பினார்கள் என்று அப்போது பரவலாகச் செய்தி வந்தது. அன்று அங்கிருந்த கணிப்பொறி எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வங்கக் கடலுக்கு அந்நாளில் சுனாமி எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. அலை உயரம் சொல்வதற்காக வைத்த கருவி, எவரும் எதிர்பாராத செய்தியைச் சொல்லப் பயன்பட்டது.

என்னுடைய ஃபீட் ரீடரில் இப்போது 11 ஓடைகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் 90 இருந்தன. வானியல் இரண்டு, கணிதம் ஒன்று, தமிழ் வலைப்பதிவுகள் ஐந்து, மற்றவை பலவகை. காலையில் பால் காய்வதற்குள் பார்த்து முடித்துவிடுகிறேன். எங்கள் தெருவில் நாளைக்கு மின்சாரம் நிற்கும் என்பதை மட்டும் இன்றைக்கும் எதிர்வீட்டு அம்மா சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன்.